அசோகம் எது? நெட்டிலிங்கம் எது?

நம் பள்ளியின் பெரிய வாயிலிலிருந்து அலுவலகப் படிக்கட்டு வரை, பாதையின் இருமருங்கிலும் ஓங்கி நிற்கும் மரங்களுக்குப் பெயர் என்ன? ஆறாம் வகுப்பு மாணவியைக் கேட்டாலும், மாலையில் அவளை அழைத்துச் செல்ல வரும் தாயாரைக் கேட்டாலும், "அசோக மரம்" என்ற விடையே வரும். செடிப் பண்ணைகளிலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் அது அசோகம் அன்று. அதன் பெயர் நெட்டிலிங்கம். உண்மையான அசோகம் வேறொரு மரம். குடும்பமும் வேறு, இலையும் வேறு, பூவும் வேறு.

பெயர் மாறிப்போனால் என்ன, மரம் மரந்தானே என்று நீங்கள் கேட்கலாம். அசோகத்தைப் பொறுத்தவரை அப்படி விட்டுவிட முடியவில்லை. தெருவெல்லாம் அசோகம் நிற்கிறது என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். இதே காலத்தில் காட்டில் உள்ள உண்மை அசோகம் அருகிக்கொண்டு வருகிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தன் செம்பட்டியலில் இதனை 1998-ஆம் ஆண்டிலேயே அழிவுக்கு ஆளாகக்கூடிய இனம் என்று குறித்துவிட்டது. தம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது என்று நம்புகிறவர், அந்த மரத்தைத் தேடிப் போவாரா? கன்று வாங்கி நடுவாரா? ஆகவே இரண்டையும் பிரித்தறியும் வழியையும், உண்மை அசோகத்தை வளர்க்கும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் நம் பாதையோர நெட்டிலிங்கத்தைப் பார்த்துவிடுவோம். இது சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் இதனை நெடுங்காலமாகப் பாலியால்தியா லாஞ்சிஃபோலியா என்று அழைத்து வந்தனர். 2012-இல் அந்தப் பேரினத்தைப் பிரித்தமைத்த பிறகு மோனூன் லாஞ்சிஃபோலியம் என்கின்றனர். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மரமே. இயல்பான வடிவில் கிளை பரப்பி நிழல் தரும். நாம் சுவரோரங்களில் காண்பது அதில் ஒரு வகை. அதன் கிளைகள் குட்டையாகி, அடிமரத்தை ஒட்டிக் கீழ்நோக்கித் தொங்கும். மரம் ஒரு பச்சைத் தூண்போல் உயர்ந்துகொண்டே போகும். கொஞ்சம் இடம் இருந்தால் போதும், ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் என்பதால் பள்ளிக்கூடம், மருத்துவமனை, திருமண மண்டபம் என்று எங்கும் இதனை வரிசையாக நட்டுவிட்டார்கள். நேராகவும் இலேசாகவும் உள்ள இதன் அடிமரம் பாய்மரக் கப்பலுக்கு உதவியதால், ஆங்கிலத்தில் பாய்மரத்தின் பெயரையே இதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

நெட்டிலிங்கம் பூப்பதே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. பூக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. இளம்பச்சை நிறத்தில், ஆறு மெல்லிய இதழ்களோடு, சிறு நட்சத்திரம் போன்ற பூக்கள் இலைகளோடு இலைகளாய் மறைந்திருக்கும். பின்னர் முட்டை வடிவக் கனிகள் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். பச்சையாக இருந்து, பழுத்ததும் கருநீலமாகும். கனிக்கு ஒரு விதை. குயிலுக்கும் வௌவாலுக்கும் இது விருந்து. காலை வழிபாட்டுக்கு நாம் வரிசையில் நிற்கும்போது காலடியில் உருளும் கொட்டைகளில் பல, இரவில் வௌவால்கள் சதையைத் தின்றுவிட்டுப் போட்டவையே. கறுப்புச் சிறகில் பச்சைப் புள்ளிகளுடன் ஓரிடத்திலும் நில்லாமல் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி இந்த இலைகளில்தான் முட்டையிடும். ஆதலால் நெட்டிலிங்கத்தின் மீது நமக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. அது இரவல் வாங்கி வைத்திருக்கும் பெயரைத்தான் உரியவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறோம்.

இனி உரியவரைக் காண்போம். மாதா கெபிக்குப் பின்னால், விடுதிக் கிணற்றுக்கு அருகே அடக்கமாக ஒரு மரம் நிற்கிறதே, அதுதான் அசோகம். பலரும் அதனை மா வகைகளில் ஒன்று என்று எண்ணிக் கடந்து போகிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதன் தளிரும் மாந்தளிரைப் போலச் செம்பு நிறத்தில்தான் வரும். இது புளி, கொன்றை, ஆவாரை எல்லாம் அடங்கிய அவரைக் குடும்பத்து மரம். சராக்கா அசோகா என்பது இதன் தாவரவியல் பெயர். பொதுவாக 20 முதல் 30 அடி உயரம் வளரும். தூண்போல் நேராக நிற்காது. கிளைகள் நாற்புறமும் பரந்து, இலை அடர்ந்து, கீழே கருநிழல் விழும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளிலும், இலங்கையின் ஈரக் காடுகளிலும், குறிப்பாக ஓடைக்கரைகளில் இது இயற்கையாக வளர்கிறது. சிங்களத்தில் இதற்கு வழங்கும் 'தியரத்மல்' என்ற பெயருக்கு நீரோரச் செம்மலர் என்பது போன்ற பொருள். அந்தப் பெயரிலேயே மரத்தின் குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வளர்ப்பைப் பற்றிச் சொல்லும்போது இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூவில்லாத காலத்தில் இரண்டு மரங்களையும் பிரித்தறிவது எப்படி? இலையைப் பார்க்க வேண்டும். ஆனால் இலை என்பது எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கிளையில் எந்த இடத்தில் மொட்டு இருக்கிறதோ, அந்த இடத்தில்தான் இலை தொடங்குகிறது. நெட்டிலிங்கத்தில் ஓரம் நெளிநெளியான ஒவ்வோர் இலைக்கும் அடியில், கிளையோடு சேரும் கக்கத்தில், சிறு மொட்டு ஒன்றைக் காணலாம். ஆகவே அது தனி இலை. அசோகத்தில் ஒரு நீண்ட காம்பின் இருபுறமும் மூன்று முதல் ஆறு ஜோடி வரை இலை போன்றவை இருக்கும். அவற்றின் அடியில் தேடினால் மொட்டு கிடையாது. அந்த நீண்ட காம்பு கிளையைத் தொடும் இடத்தில்தான் மொட்டு இருக்கும். ஆகவே அந்தக் காம்பு முழுவதும் சேர்ந்து ஒரே இலை. அதனைக் கூட்டிலை என்கிறோம். ஜோடிகளாய் இருப்பவை சிற்றிலைகள். நுனியில் ஒற்றைச் சிற்றிலை இராது, ஜோடியிலேயே முடியும். புளிய இலையில் இதே அமைப்பைச் சிறிய அளவில் காணலாம். அசோகத்தின் சிற்றிலை ஒவ்வொன்றும் ஒரு சாண் வரை நீளும் என்பதால், அதைத் தனி இலை என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். தனியே பறித்த சிற்றிலையும் நெட்டிலிங்க இலையும் நீண்டு கூர்ந்து ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். பெயர் மாறிப்போனதற்கு இந்த ஒற்றுமையே முதற்காரணம் எனலாம்.

தளிரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அசோகத்தின் புதுத் தளிர் விறைப்பாக நிற்பதில்லை. செம்பு கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில், துவைத்துத் தொங்கவிட்ட பட்டுக் குஞ்சம் போல மென்மையாகத் தொங்கும். சில நாட்களில் பச்சை ஏறி, விறைத்து, மற்ற இலைகளோடு சேர்ந்துவிடும். சங்க காலத்தவர் இந்தத் தளிரைக் காதில் செருகி அழகு பார்த்தனர் என்பது திருமுருகாற்றுப்படையால் தெரிகிறது. அந்நாளில் இதற்குப் பிண்டி என்றும் செயலை என்றும் பெயர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களின் வரிசையில் பிண்டியும் இருக்கிறது. அந்தப் பாட்டை மனப்பாடம் செய்யும் மேல்வகுப்பு மாணவியர், கெபிக்குப் பின்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தால், அந்த ஒரு சொல்லாவது மறக்காது.

பூவிலும் ஒரு வியப்பு உண்டு. மாசி, பங்குனியில் இம்மரம் பூத்துக் குலுங்கும்போது அருகில் சென்று உற்று நோக்குங்கள். பூங்கொத்துகள் கிளை நுனியில் மட்டும் இருப்பதில்லை. முதிர்ந்த கிளைகளிலிருந்தும், அடிமரத்திலிருந்துங்கூட வெடித்துக் கிளம்பும். தூரத்தில் பார்த்தால் பெரிய வெட்சிப் பூங்கொத்தை மரத்தில் ஒட்டிவைத்தது போலிருக்கும். ஒரு பூவைக் கையில் எடுத்து இதழ்களை எண்ணினால் நான்கு என்பீர்கள். ஆனால் அவை அல்லி இதழ்கள் அல்ல. அசோகப் பூவுக்கு அல்லி இதழே கிடையாது! புல்லி இதழ்களே நீண்ட குழலாகி, மேலே நான்காய் விரிந்து, நிறமும் பெற்று, அல்லியின் வேலையைச் செய்கின்றன. அவற்றிலிருந்து 7 அல்லது 8 மகரந்தத் தாள்கள் பூனை மீசை போல வெளியே நீண்டிருக்கும். மொட்டு அவிழும்போது மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம். நாளாக ஆகச் சிவப்பாக மாறும். ஆதலால் ஒரே கொத்தில் இளம் பூவும் முதிர்ந்த பூவும் வெவ்வேறு நிறத்தில் அருகருகே இருக்கும். மாலை மயங்கியபின் இதன் மெல்லிய மணத்தை நன்கு உணரலாம்.

பூத்தபின் தட்டையான காய்கள் வரும். அவை பிஞ்சில் சிவந்து, முற்றியபின் தோல்போல் கடினமாகிக் கறுத்துவிடும். ஒரு காயில் நான்கு முதல் எட்டு விதை வரை இருக்கும்.

பெயர் மயக்கம் நம்மூர்ச் செடிப் பண்ணையோடு நின்றுவிட்டதென்று எண்ண வேண்டாம். கற்றவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். ஜாவாவிலிருந்து கிடைத்த வேறொரு இனத்துக்கு லின்னேயஸ் இட்ட சராக்கா இண்டிகா என்ற பெயரையே நம் அசோகத்துக்கும் நெடுங்காலம் எழுதி வந்தனர். பழைய நூல்களில் இன்றும் அப்படியே காணலாம். ரோக்ஸ்பரோ என்ற தாவரவியலார் இதற்கு ஜோன்ஸியா அசோகா என்று பெயர் சூட்டினார். 1784-இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸைச் சிறப்பிக்கும் பெயர் அது. இப்போது அதில் அசோகா என்ற பகுதி மட்டும் நிலைத்திருக்கிறது.

இலக்கியத்தில் அசோகத்துக்கு உள்ள இடம் பெரிது. சீதை சிறையிருந்தது அசோகவனத்தில். அருகதேவன் வீற்றிருப்பது பிண்டியின் நிழலில். இளம்பெண் காலால் உதைத்தால் அசோகம் பூக்கும் என்று வடமொழிக் கவிஞர்கள் கற்பனை செய்தனர். காளிதாசனின் மாளவிகாக்னிமித்திரம் என்ற நாடகத்தின் கதையே அந்த நம்பிக்கையைச் சுற்றிப் பின்னப்பட்டது. நம் மாணவியர் யாரும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டா. கிணற்றடி மரம் உதையில்லாமலே நன்றாகப் பூக்கிறது.

இனி, மரம் அருகி வருவதன் காரணத்துக்கு வருவோம். அசோகு என்றால் சோகம் இல்லாதது என்று பொருள் கூறுவர். பெண்களுக்கு உண்டாகும் மிகுதியான உதிரப்போக்குக்கும், மாதவிடாய்த் தொல்லைகளுக்கும் அசோகப் பட்டையை ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் பயன்படுத்துகின்றனர். அசோகாரிஷ்டம் என்ற மருந்தின் பெயரைப் பாட்டிமார் அறிவர். அந்தப் பட்டை எங்கிருந்து வருகிறது? தோட்டம் போட்டு வளர்த்துப் பட்டை எடுப்பது குறைவு. காட்டு மரங்களிலிருந்து உரித்து வருவதே மிகுதி. மரத்தின் பட்டை வெறும் மேலாடை அன்று. இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்கிச் செல்லும் ஃபுளோயம் என்னும் திசு பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் சிறிதளவு எடுத்தால் காயம் ஆறிவிடும். சுற்றிலும் உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து, நாளடைவில் மரமே பட்டுப்போகும். மெதுவாக வளரும் மரம். ஈரமான ஓடைக்கரை தவிர வேறிடத்தில் தானாக முளைக்காத மரம். அப்படிப்பட்டதை உரித்துக்கொண்டே போனால் எத்தனை நாள் தாங்கும்?

உண்மைப் பட்டை கிடைப்பது அரிதானபோது வேறு பட்டைகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. சந்தையில் அசோகப் பட்டை என்று விற்றதைச் சோதித்த ஆய்வுகளில், நெட்டிலிங்கப் பட்டையும் வேறு மரப் பட்டைகளும் கலந்திருப்பது தெரியவந்துள்ளது. காய்ந்த பட்டைத் துண்டில் இலையும் இல்லை, பூவும் இல்லை. பார்த்தவுடன் யாரால் சொல்ல முடியும்? நோயுற்ற ஒரு பெண் நம்பிக்கையோடு வாங்கிக் குடிப்பது அசோகமாகவே இல்லாமல் போகலாம். தாய்மாருக்கு இங்கே ஒரு வார்த்தை: யாரோ சொன்னார்கள் என்று பாதையோர மரத்திலோ, கிணற்றடி மரத்திலோ பட்டை செதுக்கிக் கஷாயம் வைக்க வேண்டாம். உதிரப்போக்குக்குப் பல காரணங்கள் உண்டு. அதனை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மகளிடமும் மறைக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி வளர்க்கும் முறை. அசோகத்தை விதையிலிருந்து வளர்ப்பதே எளிது. ஆனால் இதன் விதை நெல், பயறு போலக் காயவைத்துப் பானையில் சேமித்து வைக்கக்கூடியது அன்று. ஈரம் போனால் உயிரும் போய்விடும். விதையைப் பத்திரமாக உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, மறு ஆண்டு எடுத்து விதைத்தால் ஒன்றும் முளைக்காது. எந்த மாதத்தில் எடுப்பது என்று கேட்பீர்கள். மாதத்தைப் பார்க்க வேண்டாம், காயைப் பாருங்கள். காய் கறுத்து, முறுக்கிக்கொண்டு வெடிக்கத் தொடங்கும்போது விதை தயார். கனமான, ஓட்டையில்லாத விதைகளைப் பொறுக்கி, ஓரிரவு நீரில் ஊறவைத்து, மறுநாளே ஊன்றிவிட வேண்டும்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு கலந்து, உயரமான நாற்றுப் பையில் நிரப்புங்கள். விதையைப் படுக்கை வசமாக வைத்து, மேலே ஒரு விரற்கடை மண் மூடினால் போதும். வெயில் நேரே படாத இடத்தில் வைத்துப் பூவாளியால் தண்ணீர் தெளித்து வாருங்கள். மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. ஏறக்குறைய மூன்று வாரத்தில் முளை தெரியும். முளைத்த கன்றின் தளிர் துவண்டு தொங்கும். அதைக் கண்டு, கன்று வாடிவிட்டதென்று பதறித் தண்ணீரைக் கொட்டுகிறவர்கள் பலர். வேர் அழுகி, அப்போதுதான் கன்று உண்மையாகவே வாடும். தொங்குவது அதன் பிறவிக் குணம் என்று முன்பே சொன்னோம் அல்லவா?

கன்று ஓராண்டு பையில் வளரட்டும். பிறகு மழை தொடங்கும் சமயம், நம் பக்கத்தில் ஐப்பசி மாதம், நிலத்தில் நடலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி இருக்குமாறு குழி தோண்டி, மேல்மண்ணோடு எரு கலந்து நிரப்பி நடுங்கள். மதிற்சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளியிருப்பது நல்லது. நெட்டிலிங்கத்தைப் போலச் சுவரோடு ஒட்டி நிற்க இதற்குத் தெரியாது. ஓடைக்கரை மரம் என்பதை இங்கே நினைவுகூருங்கள். கிணற்றடி, குளியலறைத் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்காலின் ஓரம், பெரிய மரத்தின் அரைநிழல் ஆகியவை ஏற்ற இடங்கள். சோப்பு நீர் நேராகத் தேங்கும் இடம் மட்டும் வேண்டாம். விளையாட்டுத் திடலின் நடுவிலும், மொட்டை வெயில் காயும் சாலையோரத்திலும் நட்டால் கன்று கருகிவிடும். உப்புத் தண்ணீரும் ஒத்துவராது.

முதல் இரண்டு கோடைகள்தாம் சோதனைக் காலம். மேற்கு வெயில் படாமல் தென்னங்கீற்றால் ஒரு தட்டி கட்டுங்கள். இல்லையேல் மேற்குப் பக்கம் இரண்டு வாழைக்கன்று வையுங்கள். அதன் நிழலும் உதவும், பழமும் கிடைக்கும். கன்றின் அடியில் சருகுகளைக் கனமாகப் பரப்பி வைத்தால் ஈரம் நிற்கும். நம் பள்ளியில் பெருக்கிக் கொளுத்தும் சருகுக்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியாது. வாரத்தில் இரண்டு மூன்று முறை நிறையத் தண்ணீர் விடுங்கள். நாள்தோறும் ஒரு குவளை ஊற்றுவதால் மேல்மண் மட்டுமே நனையும். வேர் ஆழம் போகாது. ஆட்டுக்கு எட்டாதபடி வேலியும் வேண்டும். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், அதற்காக உரத்தை அள்ளிப் போட வேண்டியதில்லை. மரம் நன்றாக ஊன்றிக்கொண்ட பிறகு வெயில் பட்டாலும் தாங்கும்.

பூக்க எத்தனை ஆண்டு ஆகும் என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. தண்ணீர் வசதியுள்ள இடத்தில் ஆறேழு ஆண்டு. சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். ஆறாம் வகுப்பில் நடுகிறவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும் ஆண்டில் முதல் பூவைப் பார்த்தால் அவள் பாக்கியசாலி. இன்னொரு செய்தி: ஆண்டு விழா நெருங்கும்போது மரங்களையெல்லாம் மழித்து 'ஒழுங்கு' செய்வது பல பள்ளிகளில் வழக்கம். அசோகத்தை அப்படிச் செய்யக்கூடாது. பூ வருவது முதிர்ந்த கிளைகளிலிருந்து என்று பார்த்தோம். மார்கழியில் கிளையை வெட்டிவிட்டு மாசியில் பூவை எதிர்பார்த்துப் பயனில்லை. காய்ந்த கிளையை மட்டும் நீக்கினால் போதும்.

விதை கிடைக்காதவர்கள் பண்ணையில் கன்று வாங்கலாம். வனத்துறை நாற்றங்கால்களிலும், மூலிகைக் கன்றுகள் வளர்க்கும் இடங்களிலும் கேட்டுப் பாருங்கள். மலேசியப் பக்கத்திலிருந்து வந்த, மஞ்சள் பூப் பூக்கும் அசோகம் ஒன்றும் தோட்டங்களில் உண்டு. அழகான மரந்தான், ஆனால் நம் மருத்துவர் சொல்லும் அசோகம் அது அன்று. அதற்கும் கூட்டிலையே என்பதால், இலையைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாமல், எந்த மரத்தின் விதையிலிருந்து எடுத்த கன்று, அந்தத் தாய்மரத்தின் பூ என்ன நிறம் என்று விற்பவரைக் கேளுங்கள். நெட்டிலிங்கத்தைக் கண்டுகொள்ள அவரை எதுவும் கேட்கத் தேவையில்லை. ஓர் இலையை மெல்லத் தூக்கி, அதன் காம்பைப் பிடித்துக்கொண்டே கிளை வரை விரலைக் கொண்டு செல்லுங்கள். வழியில் ஜோடி ஜோடியாய்ச் சிற்றிலைகள் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். ஒற்றை இலை நேரே கிளையில் முடிந்தால் அதுவும் நல்ல மரமே. நெட்டிலிங்கம் என்று பெயர் சொல்லியே வாங்கி வாருங்கள்.